சோனிக்கில் வேகம், மரியோவில் துல்லியம்: லெவல் அமைப்பு ஏன் மாறுகிறது?

பிளாட்ஃபார்மர் என்பது ஓடி, தாவி, மேடைக்கு மேடை கடக்கும் கேம். அதில் துல்லியம் என்றால் சரியான இடத்தில் கால் பதிப்பது; வேகம் என்றால் ஓட்டம் தடைபடாமல் போவது.

இரண்டும் முட்டிக்கொள்ளக் காரணம் திரையின் அகலம். சோனிக் கேமின் நாயகனான சோனிக் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முன்னால் தெரிவது ஏறக்குறைய அரைத் திரைதான். பள்ளம் கண்ணில் படும்போதே காலம் கடந்திருக்கும். நாற்கரச் சாலையில் பறப்பவருக்கு அகலமான வளைவு வேண்டும். சந்துக்குள் பைக்கை மெல்ல உருட்டுபவருக்கு ஒரு சாண் இடைவெளி போதும்.

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் அந்தச் சந்து. 1991-ல் வந்த சோனிக்கோ அந்த நாற்கரச் சாலை. அதன் முதல் பகுதியான கிரீன் ஹில் சோனில் நீண்ட சரிவுகள், தலைகீழாகச் சுற்றிவரும் வளையம். மேல் பாதையில் தாவல் பிசகினால் பெரும்பாலும் உயிர் போகாது, கீழ்ப் பாதையில் விழுவோம். வழியில் சேகரிக்கும் தங்க வளையமான ரிங் ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் எதிரியிடம் அடிபட்டுப் பிழைக்கலாம். வேகத்தைக் கொடுத்துவிட்டுத் தவறையும் மன்னிக்கும் இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

'வலது பட்டனை அழுத்திப் பிடித்தால் சோனிக் முடிந்துவிடும்' என்பது தவறு: அடுத்து வரும் மார்பிள் சோனிலேயே, எரிமலைக் குழம்பில் மிதக்கும் கல்லின் மேல் பொறுமையாக நின்றுதான் கடக்க வேண்டும்.