ஜாவ் டிங்யாங்கின் 'தியன்ஷியா' கோட்பாடு சீன ஆதிக்கத்துக்கான வாதமா?

ஆதிக்க வாதம் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் முழுசாகத் தீர்க்கவும் இல்லை.

சீனச் சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தத்துவவாதி ஜாவ். 2005இல் இதை நூலாக எழுதினார், 2016இல் விரித்து எழுதினார். ஐ.நா.வில் கூடுவது நாடுகள்தான். ஒவ்வொன்றும் தன் நலனுக்குப் பேரம் பேசுகிறது. உலகம் முழுவதற்குமாக யோசிக்கும் அமைப்பு எங்கும் கிடையாது என்பதுதான் அவர் சொல்லும் குறை. அதற்காகவே வானத்தின் கீழுள்ள அனைத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பழைய 'தியன்ஷியா'வைக் கையில் எடுக்கிறார். அதில் யாரும் வெளியாள் இல்லை.

அவர் காட்டும் முன்மாதிரி பண்டைய சீனாவின் ஜோவ் அரசு. கி.மு. 11ஆம் நூற்றாண்டில், தன்னைவிடப் பெரிய ஷாங் அரசை வென்ற சிறிய கூட்டம். அத்தனை இனக்குழுக்களையும் படையால் மட்டும் ஆள முடியாது. சேர்ந்திருப்பதை லாபமாக்க வேண்டியிருந்தது. 'ஜோவ் சடங்குகள்' நூலின் கணக்கைப் பாருங்கள்: மன்னருக்கு 6 படை, பெரிய சிற்றரசருக்கு 3, படைக்கு 12,500 பேர். மன்னரிடம் 75,000 பேர். பெரிய சிற்றரசர்கள் மூவர் கைகோத்தால் 1,12,500. தனியாக எவரும் மன்னரை மிஞ்ச முடியாது, மன்னரும் எல்லோரையும் பகைத்துக்கொள்ள முடியாது. (நூல் பிற்காலத்தது, நடந்த கணக்கு என்பதைவிட இலட்சியக் கணக்கு என்றே கொள்ள வேண்டும்.)

கோட்பாட்டின் உயிர்நாடி என்று நான் நினைப்பது அவர் சொல்லும் 'கன்பூசிய மேம்பாடு'. பொருளியலின் பரேட்டோ மேம்பாட்டுக்கு, யாருக்கும் நட்டமில்லாமல் ஒருவருக்கு லாபம் வந்தாலே போதும். ஏழை நாடு இருந்த இடத்திலேயே இருக்க, பணக்கார நாடு மேலே போய்க்கொண்டே இருக்கலாம். ஜாவ் விதி கடுமையானது: நீ உயர்ந்தால் மட்டுமே நான் உயர முடியும், நான் உயர்ந்தால் மட்டுமே நீ. அப்படி விதியை அமைத்துவிட்டால் அடுத்தவர் உயர்வுக்கு உழைப்பதே என் சுயநலம் ஆகிவிடும். நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டாம்.

இடறும் இடம் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.மு. 771இல் ஷென் சிற்றரசர், ஜோவ் அமைப்புக்கு வெளியே இருந்த சுவான்ரோங் மக்களைக் கூட்டிக்கொண்டு தலைநகரைத் தாக்கினார். மன்னர் கொல்லப்பட்டார்; தலைநகர் கிழக்கே லுவோயாங்குக்கு மாறியது. வெளியாளே இல்லாத அமைப்புக்கு வெளியேயும் ஆள் இருந்தது, உள்ளே இருந்தவரே அவரைக் கூட்டியும் வந்தார்.

இது புதிய மேலாதிக்கமாகலாம் என்று சர்வதேச உறவுகள் அறிஞர் வில்லியம் காலஹன் 2008இல் எச்சரித்தார். வருங்காலத் தியன்ஷியா எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல, சேர்வது அவரவர் விருப்பம் என்கிறார் ஜாவ். சேர மறுப்பவரை என்ன செய்வது, மையத்தில் இருப்பவர் தவறினால் எப்படி இறக்குவது என்பதற்கு விதி எழுதாதவரை காலஹன் கேள்வி அப்படியே நிற்கும்.