குரல் நின்றால் குணமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் உளவியலாளரிடம் சில கேள்விகள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்: தம்பிக்கு மனச்சிதைவு. இப்போது குரல்கள் கேட்பதில்லை. குணமாகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாமா அக்கா?

நோய் அடங்குவது ஒன்று, நன்றாக வாழ்வது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் கோரி கீஸ் 2002இல் எழுதினார். குரல் நின்ற ஒருவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். எப்போதாவது குரல் கேட்கிற இன்னொருவர் வேலைக்கும் போய், ஞாயிறன்று கோயிலில் மிருதங்கமும் வாசிக்கலாம். கீஸின் 14 கேள்வித் தாள், போன மாதம் மனநிறைவு, ஊரோடு ஒட்டுதல், வாழ்க்கையில் பிடிப்பு எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும். 2008இல் வெளிவந்த ஆய்வில் நம் நாட்டின் செட்ஸ்வானா மொழி பேசும் மக்களிடமே அதைச் சோதித்திருக்கிறார்கள். தம்பியை இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். அவனை அவனோடு மட்டும் ஒப்பிடுங்கள், அண்ணன் மகனோடு வேண்டாம்.

ஃபீனிக்ஸ்: இதைவிடச் சின்னத் தாள் உண்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வித் தாள். போன இரண்டு வாரத்தைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4ஆல் பெருக்குங்கள். 50க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேசுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மனைவிக்கு பைபோலார். அந்தத் தாளில் 96 வந்தது. மாத்திரையைக் குறைக்கலாமா?

கூடாது. எத்தனை மணி நேரம் உறங்குகிறார்? பைபோலாரில் மனம் ஒரு சமயம் சோர்வில் விழும், இன்னொரு சமயம் அளவுகடந்த உற்சாகத்தில் ஏறும். அந்த உற்சாகம்தான் மேனியா. அது ஏறும்போது இந்த மதிப்பெண்ணும் எகிறும். உறக்கம் குறைந்திருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். மதிப்பெண்ணை வைத்து மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

டொங்காட்: உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் பட்டியலிட்ட 24 நற்பண்புகளில் ஆன்மிகமும் இருக்கிறது. முருகன் தன்னோடு பேசுகிறார் என்று என் அக்கா சொன்னதும் நோய் என்று எழுதிவிட்டார்களே?

நல்ல கேள்வி. முருகன் என்ன பேசுகிறார் என்று கேட்டார்களா? "தைரியமாக இரு" என்பதும் "சாப்பிடாதே, விஷம் வைத்திருக்கிறார்கள்" என்பதும் ஒன்றல்ல.

சாட்ஸ்வொர்த்: அப்போ தைப்பூசத்தில் சாமி வருவதும் நோயா?

நான் அப்படியா சொன்னேன்? காவடி இறக்கியதும் அருளும் இறங்கிவிடுகிறது, மறுநாள் ஆள் வேலைக்குப் போகிறார். அதில் நோய் எங்கே? ஆனால் ஒரே ஆளுக்குப் பக்தியும் இருக்கலாம், நோயும் இருக்கலாம். என் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு.

டொங்காட்: எங்கள் மருத்துவர் ஒரே பத்திதான் எழுதினார்.

என் கோபமும் அதுதான். அக்கா விரதம் இருக்கிறாரா, கோலம் போடுகிறாரா, யாருக்குச் சமைத்துக் கொடுக்கிறார் என்று எழுதிக்கொண்டுபோய் நீங்களே மருத்துவரிடம் கொடுங்கள். ஆயா காலத்து ஆட்களிடம் ஆங்கிலத் தாளை நீட்டாமல், "மனசு நிறைஞ்சிருக்கா?" என்று வாயால் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

ஃபீனிக்ஸ், இன்னொருவர்: அந்த ஐந்து கேள்வித் தாளில் எனக்கு 40தான் வந்தது. மாத்திரையை மாற்றலாமா?

மேலே சொன்னதுதான்: 50க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். நான் உளவியலாளர், மருந்து எழுதுபவள் அல்ல.

வெருலம்: எனக்கும் பைபோலார். 92 வந்தது அக்கா, நிறுத்திவிடட்டுமா?

நேற்று இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?