வன்னியில் சிறுநீரக நோய் யாரை அதிகம் தாக்குகிறது?

நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது, குருதியிலுள்ள கழிவை வடிகட்டும் திறனைச் சிறுநீரகம் மெல்ல இழப்பது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலும் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமுமே காரணம்.

இலங்கையின் வன்னியிலுள்ள வவுனியாப் பக்கம் இன்னொரு வகையும் இருக்கிறது. 1990களில் அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த அது, அவ்விரு நோயும் இல்லாத விவசாயிகளை, அதிலும் நடுத்தர வயது ஆண்களையே அதிகம் பிடிக்கிறது. வீட்டுக்கு உழைப்பவரே விழுந்துவிடுகிறார். கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பூச்சிகொல்லி, கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது எனப் பலவும் சந்தேகிக்கப்படுகின்றன, எதுவும் உறுதியாகவில்லை.

பத்துப் பேர் நெல் அருவி வெட்டும் வயலில் ஐவர் கரையேறினாலும் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பதுபோல, சிறுநீரகத்தில் மிஞ்சிய நுண் வடிகட்டிகள் ஈடுகட்டுவதால் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. சிறுநீர் ஒழுங்காகப் போனால் சிறுநீரகம் நலம் என்று நினைப்பது தவறு. குருதியில் கிரியாற்றினின் என்ற கழிவின் அளவும் சிறுநீரில் புரதமும் பார்த்தால்தான் தெரியும்.