எந்தத் துறையின் சிறுபாலம்?

கேள்வி: மேலைநாடுகளில் புயல், வெள்ளம், காட்டுத்தீ வருமுன்பே ஊர்களைத் தயார்ப்படுத்தத் தனிச்சட்டம் போடுகிறார்களாம். ஃபெஞ்சல் புயலில் எங்கள் மலைப்பாதை அடைபட்டுக் கிடந்ததை மறக்க முடியவில்லை. நமக்கு அப்படி ஒரு சட்டம் எப்போது வரும்?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. சுனாமி அடித்த மறு வருஷம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. ‘பேரிடர்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது படகும் பால் பாக்கெட்டும்தான். சட்டமோ மழைக்கு முந்தைய வேலையைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறது.

31-வது பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வேண்டும். மாவட்டத்தில் எந்தெந்த இடம் ஆபத்தானது, ஆபத்தைக் குறைக்க என்ன செய்யப்போகிறார்கள், யாருக்கு என்ன பயிற்சி, நடந்துவிட்டால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். முக்கியமான சொற்கள் இனிமேல்தான்: ‘உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து’ தயாரிக்க வேண்டும். நாகலூரையோ வாழவந்தியையோ செம்மநத்தத்தையோ யாராவது கலந்தார்களா? உங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

சட்டத்தின் முதல் ஓட்டை அங்கேதான். திட்டம் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித் திட்டம் இருந்தே தீர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. மேட்டூர் அணையும் ஏற்காட்டு மலையும் ஆத்தூர் வயலும் ஒரே கோப்புக்குள் வரும்போது, உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு சரிவுக்கு அதில் ஒரு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் வேடிக்கையானது. இந்தத் திட்டத்தைப் போடும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதாவது, உள்ளாட்சியைக் கலந்தாலோசிப்பது என்றால் ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியைக் கேட்பது.

தண்டனை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சட்டம் விதித்த கடமையைத் தக்க காரணமில்லாமல் செய்ய மறுக்கும் அலுவலருக்கு 56-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை. அதையடுத்து 59-வது பிரிவு வந்து, அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த வழக்கைத் தொடர முடியாது என்கிறது. சட்டத்துக்குப் பல்செட் கட்டிவிட்டு, அதைப் பூட்டிய பெட்டியின் சாவியை அரசிடமே கொடுத்துவிட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியைப் பிரித்த கணக்கு இது. நூறு ரூபாயில் 40 நிவாரணத்துக்கு, 30 இடிந்ததைத் திரும்பக் கட்ட, 10 ஆயத்தப் பணிக்கும் பயிற்சிக்கும், 20 ஆபத்தைத் தணிக்க. முன்னேற்பாட்டுக்கு முப்பது, பின்னேற்பாட்டுக்கு எழுபது. அந்த முப்பது ரூபாயாவது மலைக்கு ஏறி வர வேண்டுமானால் யாராவது குறிப்பாகக் கேட்க வேண்டும். நம் ஊர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கிராம சபைகளில் வழக்கமாக எழுதப்படும் தீர்மானம் என்ன? ‘வடிகால்களைத் தூர்வார வேண்டும்.’ இந்த வாக்கியத்தை எந்த அலுவலகமும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. இருபக்கமும் உள்ள காடு வனத்துறையுடையது. ஊருக்குள் வந்தால் ஊராட்சி. நடுவில் எஸ்டேட் ஓடை தனியாருடையது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. துறைகளுக்கு வேறு எதுவும் தெரியாது. இவர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒருங்கிணைக்கத்தான் 30-வது பிரிவு மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

ஆகவே தீர்மானத்தை இப்படி எழுதுங்கள்: எத்தனையாவது வளைவு, அருகில் உள்ள கிலோமீட்டர் கல் எது, அங்கே சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்துவது குழாயா, பெட்டி வடிவச் சிறுபாலமா, விட்டம் எவ்வளவு, எந்த அளவுக்கு மண் ஏறியிருக்கிறது, யாருடைய பொறுப்பு, எந்தத் தேதிக்குள். ஒரு இடத்துக்கு ஒரு பத்தி போதும், ஒரு படமும் இணையுங்கள். 60 செ.மீ. குழாயில் பாதி மண் அடைத்திருந்தால் பாதித் தண்ணீராவது போகும் என்று நினைக்க வேண்டாம். மழையில் அடித்துவரும் சருகும் சில்வர் ஓக் கிளையும் பிளாஸ்டிக் பாட்டிலும் மீதிப் பாதியைச் சில நிமிஷத்தில் அடைத்துவிடும். பிறகு தண்ணீர் சாலைமேல் ஓடிப் பள்ளத்தாக்குப் பக்கம் விழும். அங்கே சாலையின் விளிம்பை அடியிலிருந்து அரிக்கும். மேலே தார் நன்றாகத் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது.

தடுப்புச்சுவர்களையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சுவர்களைச் சாய்ப்பது மண்ணின் கனம் மட்டுமல்ல, பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தமும்தான். அதற்காகத்தான் சுவரில் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒரு துளை விட்டு, பின்னால் ஜல்லி நிரப்புகிறார்கள். பெருமழையின்போது பின்மண் ஊறிய பிறகும் துளை காய்ந்தே கிடக்கிறதென்றால் அது அடைத்திருக்கிறது என்று பொருள். சுவருக்கு மேலே சரிவில் புதிய விரிசல், ஒருபக்கம் சாயத் தொடங்கிய மரங்கள், தெளிவாகக் கசிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது – இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கீழே குடியிருப்பவர்களை அன்றிரவு வேறிடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழையுங்கள்.

தங்கும் விடுதிக்காகச் சரிவை ஜேசிபி வைத்து நிமிர்த்தி வெட்டுகிறார்களே, அதற்கும் பிரிவு உண்டு. தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர்த் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டிருப்பதைப் பார்த்துக்கொள்வது உள்ளாட்சியின் கடமை என்கிறது 41-வது பிரிவு. விடுதியின் பெயரைத் தீர்மானத்தில் எழுதப் பயமாக இருந்தால் சர்வே எண்ணை எழுதுங்கள்.

ஊரில் ஒரு மழைமானி வைப்பதற்குச் சட்டமே வேண்டாம். பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள தகர டப்பா போதும். வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. மரத்துக்கும் கூரைக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். 64.5 மி.மீட்டரில் கனமழை தொடங்குகிறது, 115.6-இல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. ஃபெஞ்சலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீட்டருக்கும் மேல் கொட்டியது. ஒரு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் 20 செ.மீ. என்றால் எட்டு லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 67 லோடு. ஒருநாள் அளவைவிட மூன்று நாள் கூட்டுத்தொகையைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஊறிய மண்ணில் மூன்றாம் நாள் பெய்யும் சாதாரண மழைகூடச் சரிவை இறக்கிவிடும்.

நிவாரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022–26 காலத்துக்கான மத்திய விதிகளில், மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.30 லட்சம் ரூபாய். காப்பி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500, அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால், 2 ஹெக்டேர் வரை. பட்டா நகலும் நல்ல நாளில் எடுத்த தோட்டத்துப் படமும் வைத்திருங்கள். சேதமான பிறகு எடுக்கும் படம் முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்லாது.

சேலம் நகரத்தார் இது மலைக்காரர்கள் பாடு என்று புரட்டிவிட வேண்டாம். சேர்வராயன் மலையில் பெய்வது திருமணிமுத்தாற்றில் இறங்கி உங்கள் தெருவுக்குத்தான் வருகிறது. 2025-இல் வந்த திருத்தச் சட்டம், மாநகராட்சி உள்ள ஊர்களுக்கு ஆணையரைத் தலைவராகக் கொண்ட தனி நகரப் பேரிடர் ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. சேலத்துக்கும் அது பொருந்தும். உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

வாசகிக்கு மீண்டும். முதலில் மாவட்டத் திட்டத்தின் நகலையும், அதில் உங்கள் ஊராட்சி குறித்த பக்கங்களையும், கலந்தாலோசனை நடந்த தேதியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். திட்டத்தில் உங்கள் சரிவு இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண் வாங்காமல் பேருந்து ஏறாதீர்கள். இதற்கு ஆகஸ்ட் 15 கிராம சபையைப் பிடியுங்கள். அக்டோபர் 2 சபையில் போட்டால், மதிப்பீடு தயாராகி வேலை உத்தரவு வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும்.