நுகர்வோர் கேள்வி-பதில்: ஏஐ போட்டுத் தரும் எக்ஸெல் கணக்கு

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் கடல்பாசிக் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 4,500 ரூபாய் கொடுத்து எக்ஸெல் ஷீட் வாங்கினோம். ஏஐ போட்டது, தானாகக் கூட்டும் என்றார்கள். அடுத்த மாத எடையைப் போட்டால் மொத்தம் அசையவே இல்லை. கேட்டால், திருத்தித் தர தனிக் காசு என்கிறார்.
- பாம்பன்

பதில்: தனிக் காசு கொடுக்காதீர்கள். மொத்தம் இருக்கும் செல்லைத் தொட்டு, மேலே உள்ள பார்முலா பட்டையைப் பாருங்கள். சமக்குறியோடு ஏதாவது எழுதியிருந்தால் பார்முலா இருக்கிறது. அப்படி இருந்தும் அசையவில்லை என்றால் கணக்கிடும் முறை மேனுவலில் கிடக்கலாம். ஃபார்முலாஸ் மெனுவில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், பார்முலா புது வரிசைகள் வரை நீளாமல் பழைய வரிசையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பட்டையில் வெறும் எண் மட்டும் நின்றால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஏஐ வெளியே பைத்தான் என்ற நிரல் மொழியில் கூட்டி, விடையை மட்டும் செல்லில் எழுதியிருக்கும். விற்றவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தானாகக் கூட்டும் என்று சொல்லி விற்றது கூட்டாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பில் தராவிட்டாலும் யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றாகும். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஏஐ உதவியாளரை ஓட்ட 85,000 ரூபாய் லேப்டாப் வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். கருவாட்டுக் கணக்கு மட்டும்தான் பார்க்கிறேன்.
- கீழக்கரை

பதில்: வேண்டாம். ஏஐ ஓடுவது அந்தக் கம்பெனியின் சர்வரில். உங்களுக்கு 8 ஜிபி ரேமும் நிற்காத இன்டர்நெட்டும் போதும்.

கேள்வி: விசைப்படகுக் கணக்கு ஃபைலை (டீசல், ஐஸ், ஏலம், பங்கு) ஏஐ கோடிங் உதவியாளரிடம் கொடுத்து ஒரு பத்தி (காலம்) சேர்க்கச் சொன்னேன். பத்தி வந்தது, ஏற்கெனவே இருந்த சார்ட் காணாமல் போனது. ஓனர் போனில் திறந்தால் மொத்தம் எல்லாம் 0 என்று காட்டுகிறது.
- தங்கச்சிமடம்

பதில்: இதைத்தான் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. "ஒரு வரி சொன்னால் போதும்" என்று காசு வாங்குகிறார்கள். பழைய ஃபைலுக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எனக்கு வரும் புகார்களில் மனதை அதிகம் வருத்துவது இதுதான். வருடக்கணக்கில் எழுதிவந்த கணக்கு ஒரே சேவில் சிதைகிறது.

எக்ஸெல் ஃபைல் என்பது பல சிறு ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப். உதவியாளர் அதை எக்ஸெலில் திறப்பதில்லை. ஒரு பைத்தான் நிரல் எழுதி, பெரும்பாலும் ஓபன்பைஎக்ஸ்எல் என்ற நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) வழியாகத் திறந்து சேவ் செய்கிறது. அந்த நூலகத்துக்குப் படிக்கத் தெரியாதவை சேவ் ஆகும்போது விழுந்துவிடும். உங்கள் சார்ட் போனதும் அப்படி இருக்கலாம். பாண்டாஸ் என்ற இன்னொரு நூலகத்தின் வழியாக எழுதினால் இன்னும் மோசம்: நிறம், பத்தி அகலம், பார்முலா எல்லாம் போய் வெறும் எண்கள் மிஞ்சும்.

போனில் 0 வருவதற்குக் காரணம் வேறு. ஓபன்பைஎக்ஸ்எல் பார்முலாவை எழுதும், கணக்கிடாது. விடை இல்லாத ஃபைலை, கணக்கிடத் தெரியாத பிரிவ்யூவில் திறந்தால் 0 அல்லது வெற்றிடம்தான் தெரியும். கம்ப்யூட்டரில் எக்ஸெலிலோ இலவச லிப்ரேஆஃபிஸிலோ ஒருமுறை திறந்து, மொத்தம் வந்ததைப் பார்த்து, சேவ் செய்து பிறகு அனுப்புங்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். தேதி போட்ட நகல் ஒன்றை வேறு ஃபோல்டரில் வையுங்கள். முதலில் "எதையும் மாற்றாதே, எத்தனை ஷீட், எத்தனை பார்முலா, எத்தனை சார்ட் என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். மாற்றிய பிறகு அதே கேள்வியைக் கேட்டு எண்களை ஒப்பிடுங்கள். பார்முலா எண்ணிக்கை குறைந்தால் அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு நகலிலிருந்து தொடங்குங்கள். சார்ட் நிறைய இருந்தால் கணக்கை கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றி, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். அது ஷீட்டுக்கு உள்ளேயே வேலை செய்வதால் சார்ட் அப்படியே நிற்கும்.

தேதியையும் சரிபாருங்கள். மார்ச் 5-ஐ 5/3 என்று எழுதினால், நிரல் அதை மே 3 என்று படிக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகு ஏலம் என்று ஒரு வரி தெரிந்தால் தேதி புரண்டிருக்கிறது.

கேள்வி: நண்டுக் கொள்முதல் ஷீட்டில் எடை மொத்தம் கையால் கூட்டியதைவிட 60 கிலோ குறைகிறது. ஏஐ முதலில் ஏதோ எச்சரிக்கை காட்டியது, ஓகே கொடுத்துவிட்டேன். இந்த ஏஐ-யை நம்பலாமா?
- தொண்டி

பதில்: எச்சரிக்கையைப் படித்தீர்களா? நீங்கள் அனுப்பிய படத்திலேயே விடை இருக்கிறது. சில செல்களில் "12.5", சிலவற்றில் "12.5 கிலோ". எழுத்து கலந்த செல்லைக் கூட்டல் பார்முலா சத்தமில்லாமல் தாண்டிப் போகும், பிழையும் காட்டாது. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்பவை பெரும்பாலும் இவைதான். "கிலோ" என்பதைத் தலைப்புக்கு ஏற்றுங்கள். அந்தப் பத்தியில் டேட்டா வேலிடேஷன் போட்டு எண் மட்டும் ஏற்கச் செய்யுங்கள். படிக்காமல் ஓகே கொடுப்பவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

கேள்வி: குண்டு மிளகாய் விலைப்பட்டியலில் எல்லாச் செல்லிலும் பெயர்ப்பிழை (#NAME?) வருகிறது. எக்ஸெல் 2016 வைத்திருக்கிறேன்.
- சாயல்குடி

பதில்: ஏஐ எக்ஸ்லுக்கப் (XLOOKUP) என்ற தேடல் பார்முலாவைப் போட்டிருக்கும். அது 2016, 2019 பதிப்புகளில் இல்லை. உங்கள் பதிப்பைச் சொல்லி, பழைய தேடல் பார்முலாவான விலுக்கப்பில் (VLOOKUP) கேளுங்கள். நான்காவது இடத்தில் ஃபால்ஸ் இருக்க வேண்டும், விட்டால் பக்கத்து ரகத்தின் விலையை எடுத்துவரும்.

கேள்வி: இலவசச் சோதனை என்று ஒரு ஏஐ ஷீட் ஆப்பில் சேர்ந்தேன். மாதம் 1,999 பிடிக்கிறார்கள். ஆப்பை அழித்த பிறகும் பிடித்தார்கள்.
- ஏர்வாடி

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் மேண்டேட் பக்கத்தில் ரத்து செய்யலாம். ரத்துப் பொத்தானை ஒளித்து வைப்பது 2023-ல் வந்த ஏமாற்று வடிவமைப்பு வழிகாட்டுதல்களின்படி சந்தாப் பொறி. திரையைப் பதிவு செய்து 1915-ல் புகார் கொடுங்கள். ஆண்டுச் சந்தா மலிவு என்று மொத்தமாகக் கட்டியதில் எனக்கும் பணம் போயிருக்கிறது. மாதச் சந்தாவாகவே எடுங்கள்.

கேள்வி: ஆட்களுக்குப் பங்கு அனுப்ப வங்கி எண் பட்டியலை ஏஐ போட்டுத் தந்தது. 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் 0 ஆகிறது.
- மண்டபம்

பதில்: பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். எக்ஸெல் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16-வது இலக்கம் 0 ஆகிவிடும். போன இலக்கம் திரும்ப வராது. பத்தியை முதலில் டெக்ஸ்டாக மாற்றி, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி எழுதுங்கள். முன்னால் 0 வரும் எண்களுக்கும் இதே வழி. ஏஐ-க்கு உண்மையான வங்கி எண்ணைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. பொய் எண் போட்ட நான்கு வரி மாதிரியைக் கொடுத்து ஷீட்டை வாங்கிக்கொண்டு, நிஜ எண்களை நீங்களே நிரப்புங்கள்.