சிங்கப்பூரில் மரங்களுக்காகவே வாழ்ந்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். என் தாய்மாமா. போன ஆண்டு காலமானார்.

மரம் ஏறுவதுதான் அவர் தொழில். இடுப்புவாரும் கயிறும் மாட்டிக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக்குப் போய், பட்டுப்போன கிளைகளை அறுத்து இறக்குவார். நாலு நாள் விடுப்பு கிடைத்தால் ஜொகூரில் உள்ள குனோங் லேடாங் மலைக்குக் கிளம்பிவிடுவார். 4,095 மீட்டர் உயர கினபாலுவும் ஏறியவர். ஞாயிறு என்றால் சாங்கியில் படகு பிடித்துப் புலாவ் ஊபின் தீவு. 2001இல் அந்தத் தீவின் செக் ஜாவா கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டு போனார். அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது அவருக்கு இருந்த சந்தோஷம்!

பயமே இல்லாத ஆள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஏறுவதற்கு முன்னால் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் கேட்பார். கெட்டியாக ஒலித்தால் சரி. மத்தளம் மாதிரி அதிர்ந்தால் உள்ளே பொந்து.

பொந்து என்றதும் “வெட்டிவிடுங்கள்” என்பவர்களிடம்தான் அவருக்குக் கோபம் வரும். மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கில் ஓடுகிறது. நடு வயிரம் எப்போதோ செத்த கட்டை. அது உளுத்தாலும், சுற்றியுள்ள பகுதி போதிய கனத்தோடு இருந்தால் மரம் இன்னும் பல காலம் நிற்கும். நுனிக் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தால் போதும் என்பார். உச்சியை மொட்டையடிப்பது அவருக்கு ஆகவே ஆகாது. வெட்டிய இடத்தில் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். பருத்த பிறகு, விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று அடித்தால் முதலில் முறிவது அவைதான். இது தெரிந்ததிலிருந்து மொட்டை மரத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தைப் பார்க்க எங்களைப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, அழைத்துப் போவார். 1859இல் அந்தத் தோட்டம் உருவாகும் முன்பே அங்கு நின்ற மரம். தாழ்ந்த கிளையில் உட்கார முடியாமல் வேலி போட்டுவிட்டார்களே என்று நாங்கள் குறைபட்டோம். மாமா வேலியின் பக்கம். மிதிபட்டு மண் இறுகினால் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது.

முழங்கால் தேய்ந்து, ஏறுவதை விட்ட பிறகும் வேலைக்குப் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகளுக்குக் கீழே நின்று சொல்லிக்கொடுப்பார். இரண்டு இடத்தில் கயிறு மாட்டாமல் ரம்பத்தைத் தொடவே விடமாட்டார். மண்டாய் தகனச்சாலையில் அவரை வழியனுப்ப வந்தவர்களில் சொந்தக்காரர்களைவிட அந்தத் தம்பிகள்தான் அதிகம்.