ஒட்டுப்பாலும் லில்லார்டும்

கேள்வி: ஐயா, 2023-இல் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் டேமியன் லில்லார்டு மயாமி அணிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய அணியான போர்ட்லண்ட் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டது. அதே ஆண்டு வாஷிங்டன் அணியின் பிராட்லி பீல் மட்டும் கேட்டபடி ஃபீனிக்ஸ் போனார். இது என்ன நியாயம்? என் மகனோடு தினமும் வாக்குவாதம்.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நானும் உங்கள் ஊர்ப்பக்கம்தான். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம், இருந்தது. கட்டியாக உறைந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோவோம். வழியெல்லாம் நீர் சொட்டும். அந்த வாடை சட்டையை விட்டே போகாது. வாங்குவதற்கு ஒரே கடை. முதலாளி கட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "தண்ணி அதிகம்" என்று விலையைக் குறைப்பார். அப்பா வாய் திறக்கமாட்டார். பிறகு கோலகங்சாரிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு லாரி வர ஆரம்பித்தது. அப்புறம் அதே முதலாளி தராசைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். பால் என்னவோ அதே பால்தான்.

லில்லார்டு கதையில் போர்ட்லண்டுதான் அப்பா. மயாமி மட்டும்தான் என்று அவர் சொன்னதை மற்ற அணிகளும் நம்பி ஒதுங்கியிருந்தால், மயாமி வைத்ததுதான் விலை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் 2027 வரை இருந்தது. வருடக் கடைசியில் சும்மா கிளம்பிவிடுவேன் என்று மிரட்ட வழியில்லை. வேறு ஊருக்குப் போனால் ஆடமாட்டேன் என்ற பேச்சு தொடர்ந்தால் நடவடிக்கை வரும் என்று, இந்த அணிகளெல்லாம் ஆடும் லீக்கான என்.பி.ஏ.வும் ஜூலையில் எச்சரித்தது. போர்ட்லண்ட் அவசரப்படவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்து, செப்டம்பர் 27-இல் ஃபீனிக்ஸையும் சேர்த்து மூன்று அணி பேரமாக முடித்தது. டியாண்ட்ரே ஏய்டனும் ஜ்ரூ ஹாலிடேவும் வந்தார்கள். ஹாலிடேயைச் சில நாளிலேயே பாஸ்டனுக்குக் கைமாற்றி, இன்னும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புது ஆட்டக்காரர்களை முறைபோட்டு எடுக்கும்போது முதல் சுற்றில் எடுக்கும் உரிமைகளை, வாங்கிக்கொண்டது.

பீல் கதை வேறு. 2022-இல் போட்ட 25 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்திலேயே, தன் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார். அதனால் வாஷிங்டனுக்கு ஒரே கடை. கிடைத்தது கிறிஸ் பால், லாண்ட்ரி ஷாமெட் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஃபீனிக்ஸோடு தேர்வு முறையை மாற்றிக்கொள்ளும் உரிமைகள். முழுசாக ஒரு முதல் சுற்றுத் தேர்வுகூட இல்லை.

11 பருவம் ஒரே அணிக்கு ஆடிய லில்லார்டுக்காக எனக்கு மனம் வலித்தது உண்மை. இரண்டு மூன்று ஊர்களைச் சொல்லியிருந்தால் அவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

கேள்வி: லூக்கா டான்சிச்சை 2025-இல் அவருக்கே தெரியாமல் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்களே, அவருடைய அணியான டாலஸுக்கு அதில் லாபம்தானே?
- அதே வாசகரின் மகன்

பதில்: இல்லை தம்பி. ரகசியம் காக்க வேண்டும் என்று டாலஸ் அவரை ஏலத்தில் விடாமல் லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸோடு பேசி முடித்தது. 25 வயதில் அப்படியொரு ஆட்டக்காரர். கிடைத்தது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு. இன்னும் இரண்டு அணிகளிடம் கேட்டிருந்தாலே லேக்கர்ஸ் கூடுதலாக ஒரு தேர்வையாவது எடுத்து வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.